கரும்புத் தோட்டத்து லைன் வீடு

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க டீச்சர். நான் இந்த மலையப் பாத்துப் பாத்துச் சலிச்சவ. நீங்க புதுசா வேலைக்குச் சேரப் போறீங்க, நல்லாப் பாத்துட்டு வாங்க. நாப்பது வளைவு இருக்கு, தலை சுத்தும். எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், இந்தாங்க, மோந்துக்கங்க.

கண்டக்டர் என்னைக் கூப்பிட்டது காதுல விழுந்துச்சா? 'அமெரிக்காக்காரம்மா'ன்னுதான் கூப்பிடுவான். கேலி இல்ல, பிரியம்தான். போயிட்டு வந்தது நெசம். ஆறு மாசம் இருக்கணும்னு போனவ, மூணாவது மாசமே திரும்பிட்டேன். எல்லாரும் கேக்குறாங்க, அங்க என்ன பாத்த சீனியம்மா, என்ன பாத்தன்னு. பெரிய பெரிய கட்டடம் பாத்தேன்னு சொல்லிடுவேன். உண்மையில நான் பாத்து மனசுல நிக்கிறது ஒரு எஸ்டேட்டுதான். எஸ்டேட்டுல பொறந்து, எஸ்டேட்டுல இலை பறிச்சு, அங்கயே ரிட்டயர் ஆனவ, ஏரோப்ளேன் ஏறிப் போயி இன்னொரு எஸ்டேட்டப் பாத்துட்டு வந்தேன்னா சிரிக்க மாட்டாங்களா?

உங்ககிட்ட சொல்லலாம். நீங்க ஊருக்குப் புதுசு, என் மகனைத் தெரியாது. அவனைத் தெரிஞ்சவங்ககிட்ட நான் இதைச் சொல்ல முடியாது. அவனைத் தப்பா நெனச்சிருவாங்க. தப்பான புள்ள இல்ல டீச்சர் அவன். அதை முதல்லயே சொல்லிடறேன்.

தேவகுமார்னு பேரு. ஒரே மகன். அவன் ஏழாங்கிளாஸ் படிக்கிறப்ப எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. எஸ்டேட்டுல மருந்து அடிக்கிற வேலை அவருக்கு. தேயிலைக்கு மருந்து அடிக்கிறது. முதுகுல டிரம்ம மாட்டிக்கிட்டு மேட்டுல ஏறி ஏறி அடிக்கணும். வாயில ஒரு துண்டைக் கட்டிக்குவாங்க, அவ்வளவுதான் அந்தக் காலத்துல. நெஞ்சு கெட்டுப்போச்சு. கடைசி ரெண்டு மாசம் படுத்தா மூச்சு வராது, உக்காந்தமேனிக்கே தூங்குவாரு. அதோட நான் அவனைப் பொள்ளாச்சி ஆஸ்டல்ல விட்டேன். நல்லாப் படிச்சான். கோயமுத்தூர்ல இன்ஜினியரிங், அப்புறம் மெட்ராசு, அப்புறம் அமெரிக்கா. நான் இலை பறிச்சுக்கிட்டே இருந்தேன். என் விரலைப் பாருங்க, ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷமாச்சு, கறை போகல பாருங்க.

அவன் கல்யாணம் அமெரிக்காவுலயே நடந்துச்சு. எனக்கு அப்ப பாஸ்போர்ட்டு இல்ல. பொண்ணு நந்திதான்னு, தமிழ்ப் பொண்ணுதான், ஆனா டில்லியில வளந்தவ. அப்பா அங்க பெரிய ஆபீசரா இருந்தாராம். தங்கமான பொண்ணு. ஆறு வருஷமா போன்ல பேசுவா. "அம்மா, உங்களை நான் நேர்ல பாக்கணும், நீங்க வந்தே ஆகணும்"னு அவதான் பிடிவாதம் பிடிச்சு, பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் ஆள் ஏற்பாடு பண்ணி என்னைக் கூப்பிட்டா. மகன் கூப்பிடலையான்னு நீங்க கேப்பீங்க. அவனுக்கு வேலை ஜாஸ்தி டீச்சர்.

கெளம்புறதுக்கு முந்தி போன்ல ஒண்ணு சொன்னான். "அம்மா, இங்க வந்து லைன் கதையெல்லாம் பேச வேணாம்"னான். சரிப்பான்னேன். லைன்னா எஸ்டேட்டுல கூலிக்காரங்களுக்குக் குடுக்குற வரிசை வீடு டீச்சர், நாங்க இருந்தது அதுலதான். அங்க போய் எறங்கினதும் கார்லயே ஒரு கிரீம் டப்பாவக் குடுத்து, தினம் கையில தடவிக்கோன்னான். என் கை வெடிச்சிருக்கேன்னு கவலை. நான் சந்தோஷமாத் தடவிக்கிட்டேன்.

போன ரெண்டாம் நாள் மருமக காப்பி குடிச்சுக்கிட்டே கேக்குறா, "அம்மா, பங்களாவுல இப்ப யார் இருக்காங்க? அந்த ரோஜாத் தோட்டம் இன்னும் இருக்கா? மாமா ஜீப்ல உங்களைக் கூட்டிட்டுப் போவாராமே"ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. எந்தப் பங்களா, எந்த ஜீப்பு? மகன் மூஞ்சியப் பாத்தேன். அவன் தட்டையே பாத்துக்கிட்டு இருந்தான். "இருக்கும்மா, எல்லாம் இருக்கு"ன்னேன்.

அவ ஆபீசுக்குப் போனதும் வந்து பக்கத்துல உக்காந்தான். அவங்கப்பா எஸ்டேட் மேனேஜர்னு சொல்லி வச்சிருக்கானாம். ஏண்டா அப்படின்னு கேட்டேன். "ஒரு தடவை உண்மையைச் சொல்லிப் பாத்தேம்மா. வேற ஒரு பொண்ணு. அவங்க வீட்டுல வந்து பேச்சை முறிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த தடவை மாத்திச் சொன்னேன். சொன்னதுக்கப்புறம் திருப்பி எடுக்க முடியல"ன்னான். கண்ணுல தண்ணி நின்னுச்சு அவனுக்கு. நான் அவன் தலையத் தடவி, விடுப்பா, நான் பாத்துக்கறேன்னேன். அப்பா பேரையும் மாத்திட்டேம்மான்னான். இளங்கோன்னு. அவரு பேரும் 'இ'யிலதான் ஆரம்பிக்கும், அதனால இனிஷியலு மாறல பாருங்க. சின்னதுலேர்ந்தே கெட்டிக்காரன்.

கம்பியப் பிடிச்சுக்கங்க டீச்சர், இந்த வளைவு கொஞ்சம் மோசம்.

மேனேஜர் சம்சாரமா இருக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல. தேவா பொறக்குறதுக்கு முந்தி மூணு வருஷம் நான் பங்களாவுல பெருக்கித் தொடைக்கிற வேலையில இருந்தவ. துரைசானி எப்படி உக்காருவாங்க, என்ன பேசுவாங்க, எல்லாம் தெரியும். மருமக கேக்கக் கேக்கச் சொன்னேன். ஜன்னலுக்குப் பச்சைத் திரைம்மா, குளிருக்குக் கணப்பு மூட்டுவாங்கம்மான்னு. அவ கன்னத்துல கைய வச்சுக்கிட்டுக் கேப்பா. எனக்கே கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு.

அதனாலதான் அவளுக்கு அந்த யோசனை வந்துச்சு. நாலு நாள் லீவு வந்தப்ப, "அம்மாவை ஒரு பழைய எஸ்டேட் பங்களாவுக்குக் கூட்டிட்டுப் போகலாம், அவங்களுக்கு ஊர் ஞாபகம் வரும்"னா. அவங்க ஊர்லேர்ந்து கார்ல அஞ்சு மணி நேரம். லூசியானான்னு பேரு. பெரிய ஆறு ஒண்ணு ஓடுது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கரும்பு. இங்க தேயிலைன்னா அங்க கரும்பு. இருநூறு வருஷத்துக்கு முந்தி பிரெஞ்சுக்கார வம்சம் ஒண்ணு வச்சிருந்த தோட்டமாம். அந்த நாட்டுலயே பொறந்து வளந்த வம்சத்தைக் கிரியோல்னு சொல்வாங்களாம். கலப்புல பொறந்தவங்களையும் அப்படிச் சொல்றதுண்டாம். மருமகதான் எல்லாத்தையும் எனக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தா. மகன் எங்களுக்குப் பின்னாடி போனைப் பாத்துக்கிட்டு நடந்து வந்தான்.

சுத்திக் காட்ட ஒரு அம்மா இருந்தாங்க. ஒடெட்னு பேரு. கறுப்பு அம்மா, என் வயசு இருக்கும், நல்ல உயரம். எங்களோட சேத்துப் பதினாலு பேரு அன்னைக்கு. நான் சேலை கட்டியிருந்ததால என் பேரைக் கேட்டாங்க. சீனின்னேன். மருமக அதுக்கு அர்த்தம் சொன்னதும், "சீனி காய்ச்சுற தோட்டத்துக்குச் சீனியே வந்திருக்கு"ன்னு ஒடெட்டம்மா சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. என் மகனும் சிரிச்சான். அந்த நேரம் வரைக்கும் நல்ல நாளுதான் டீச்சர் அது.

பங்களா நம்ம ஊர் வெள்ளைக்காரன் பங்களா மாதிரி இல்ல. மஞ்சளும் பச்சையும் சிவப்பும் அடிச்சு, செங்கல் தூணு மேல உசத்திக் கட்டியிருக்கு, ஆத்துல வெள்ளம் வந்தாலும் ஏறாதபடிக்கு. சுத்தி வராந்தா. எல்லாரும் முன்படி ஏறிப் போறாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, வீட்டைச் சுத்திப் பின்பக்கம் நடந்துட்டேன். நெனச்சுச் செய்யல. பங்களான்னா கால் அந்தப் பக்கம்தான் போகும். பின்னாடி சமையக்கட்டு வாசல் தெறந்து கெடந்துச்சு, அதுல காலை வைக்கப் போறேன், மகன் ஓடி வந்து கையப் பிடிச்சு இழுத்தான். "என்னம்மா பண்ற?"ன்னான். பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னான். கையில நல்லா வலிச்சுச்சு. பாவம், அவன் பதட்டம் அவனுக்கு. "அம்மா பூச்செடியப் பாக்கப் போயிட்டாங்க"ன்னு மருமககிட்டச் சொன்னான்.

உள்ள பீங்கானு, பியானோ, கொசுவலை போட்ட கட்டிலு. ஒடெட்டம்மா சாப்பாட்டு மேசைகிட்ட நின்னு ஒரு கதை சொன்னாங்க. அந்த வீட்டுல சமையலுக்கு ஒரு அடிமைப் பொம்பள இருந்தாளாம். அவளுக்கும் எசமானுக்கும் ஒரு மகன். கொஞ்சம் வெளுப்பா இருந்தானாம். எசமான் அவனைப் பங்களாவுலயே வச்சு வளத்து, பிரான்சுக்கு அனுப்பிப் படிக்க வச்சாராம். திரும்பி வந்தவன் அந்த மேசையில உக்காந்து சாப்பிட, பெத்தவ பரிமாறுவாளாம். எல்லாரும் கூப்பிடுற மாதிரியே அவனும் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவானாம். பின்னால அவனுக்குக் கல்யாணம் நடந்தப்ப, சர்ச்சுல கல்யாணம் எழுதுற புஸ்தகத்துல தாய் இறந்துவிட்டாள்னு எழுதிட்டானாம். அந்தக் கல்யாணத்துக்குச் சமைச்சதும் அவதானாம்.

மருமகளுக்குச் சொல்லி முடிக்க முடியல. "எப்படிம்மா ஒரு மகனால இப்படிச் செய்ய முடியும்?"னு என்கிட்டக் கேட்டா. மகன் சுவத்துல மாட்டியிருந்த படத்தைப் பாத்துக்கிட்டு நின்னான்.

நான் சொன்னேன், "அவன் வயிறு நெறையச் சாப்பிட்டானில்ல தாயி? அதை அவ கண்ணால பாத்தாளில்ல? அவளுக்கு அது போதுமா இருந்திருக்கும்"னு. ஒடெட்டம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டாங்க. மருமக இங்கிலீசுல சொன்னா. ஒடெட்டம்மா என்னை மட்டும் ரொம்ப நேரம் பாத்தாங்க. நான் சொன்னதுல என்ன தப்பு டீச்சர்? ஒரு தாய்க்கு வேற என்ன வேணும்?

அப்புறம் வெளிய கூட்டிட்டுப் போனாங்க. கரும்புச்சாறு காய்ச்சுற பெரிய பெரிய இரும்புக் கொப்பரை, வேலைக்குக் கூப்பிடுற மணி, எல்லாம் தாண்டி ஒரு வரிசை வீடு. அடிமைங்க இருந்த வீடு.

அப்படியே லைன் வீடு டீச்சர். நாங்க அடிமை இல்ல, அதையும் சொல்லிடறேன். எங்களை யாரும் விலைக்கு வாங்கல, என் புள்ளைய யாரும் என்கிட்டேர்ந்து விக்கல. கூலி குடுத்தாங்க, போனசு குடுத்தாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல. அங்க நடந்ததை ஒடெட்டம்மா சொல்லக் கேட்டா நமக்குச் சோறு எறங்காது. ஆனா வீடு? வீடு அதேதான். ஒரு கூரை, நடுவுல ஒரு சுவரு, ரெண்டு பக்கமும் ரெண்டு குடும்பம். அந்தச் சுவத்துலயே ரெண்டு பக்கத்துக்கும் அடுப்பு.

நான் எல்லாருக்கும் முந்தி உள்ள போயிட்டேன். போனதும் அடுப்புகிட்டக் குத்தவச்சு உக்காந்தேன். அடுப்புக்கு மேல, இந்தா, இவ்வளவு உசரத்துல ஒரு பொந்து இருக்கும், தீப்பெட்டி வைக்கிறதுக்கு. கைய வச்சேன், இருந்துச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. என்னென்னமோ பேச ஆரம்பிச்சுட்டேன். "நந்திதா, இங்க பாரு தாயி, இந்தச் சுவத்துல காதை வச்சா அந்தப் பக்கம் வீட்டுல மொளகு இடிக்கிறது கேக்கும். அவங்க சண்டையெல்லாம் நமக்குத் தெரியும், நம்ம சண்டை அவங்களுக்குத் தெரியும். அந்த உத்தரத்துல தொட்டில் கட்டணும், இந்த மூலையில கட்டினா ஒழுகும். வெளக்கு இங்க. வெளக்குக்கு அடியில உக்காந்துதான் தேவா..."

அங்க நிறுத்திட்டேன். தேவா படிப்பான்னு சொல்ல வந்தேன். சொல்லல.

மருமக வாசல்ல நிக்கிறா. "அம்மா, உங்களுக்கு எப்படிம்மா இவ்வளவும் தெரியும்?"னா. சந்தேகமாக் கேக்கல, ஆச்சரியமாத்தான் கேட்டா. அவளுக்குப் பின்னாடி மகன். டீச்சர், அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? அவங்கப்பா கடைசி நாள்ல மூச்சுக்குத் திணறினாரே, அந்த மாதிரி வாயத் தெறந்துக்கிட்டு நின்னான். என் புள்ளைய நான் அப்படிப் பாத்ததே இல்ல. நான் ஒரு வார்த்தை சொன்னா அவன் குடும்பம் அங்கயே முடிஞ்சிரும்.

எந்திரிச்சேன். சேலையத் தட்டி விட்டுக்கிட்டேன். "எங்க வேலைக்காரங்க வீடெல்லாம் இப்படித்தாம்மா இருக்கும். நான் அடிக்கடி போய்ப் பாப்பேன், பழைய துணிமணி குடுப்பேன், பாவம் கஷ்டப்பட்ட ஜனங்க"ன்னேன்.

துரைசானி அப்படித்தான் வருவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை. மூக்குல கைக்குட்டைய வச்சுக்கிட்டு. அவங்க குடுத்த பழைய சொக்காயத்தான் தேவா ரெண்டாங்கிளாசுக்குப் போட்டுக்கிட்டுப் போனான்.

மகன் மூச்சு விட்டான். அது எனக்குக் கேட்டுச்சு.

குரங்கு, குரங்கு! அந்தப் பக்கம் பாருங்க டீச்சர், குட்டியோட போகுது. இங்க இது நெறைய.

என்ன சொன்னேன்? ஆமா. கடைசியா ஒரு சுவருகிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. கறுப்புக் கல்லுச் சுவரு, ஆள் உசரம். அந்தத் தோட்டத்துல பாடுபட்டுச் செத்தவங்க பேரெல்லாம் செதுக்கி வச்சிருக்கு. நூத்துக்கணக்குல. தகப்பன் பேரு கெடையாது, ஊர் பேரு கெடையாது, வெறும் பேரு. ஒடெட்டம்மாவோட பாட்டிக்குப் பாட்டி பேரு அதுல ஒண்ணு. அதை மட்டும் அவங்க விரலால தடவிக் காட்டினாங்க. அப்புறம், "போறதுக்கு முந்தி ஒவ்வொருத்தரும் ஏதாவது ஒரு பேரைச் சத்தமாக் கூப்பிடுங்க. உயிரோட இருந்தப்ப வேலைக்குத்தான் இவங்களைக் கூப்பிட்டாங்க. நாம சும்மா கூப்பிடுவோம்"னாங்க.

ஒவ்வொருத்தராப் போயி ஒரு பேரைப் படிச்சாங்க. மருமக ஒரு பேரு. மகன் ஒரு பேரு, வாய்க்குள்ளயே. என் முறை வந்துச்சு. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. மருமக பக்கத்துல வந்து, "கண்ணாடி கொண்டு வரலையாம்மா? நான் படிக்கிறேன், நீங்க சொல்லுங்க"ன்னா. எல்லாரும் பாக்குறாங்க. நான் சுவத்தைப் பாத்தேன். வாயத் தெறந்தேன். அவரு பேருதான் வந்துச்சு.

"இருளப்பன்"னேன்.

புருஷன் பேரை நாங்க சொல்ல மாட்டோம் டீச்சர். ரேஷன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல இருக்கிற யாரையாவது சொல்லச் சொல்வேன். அவரு இருந்தவரைக்கும் நான் சொன்னதில்ல. செத்து இருபத்தெட்டு வருஷம், அதுக்கப்புறமும் சொன்னதில்ல. அங்க போய், அத்தனை வெள்ளைக்காரங்க நடுவுல, சத்தமாச் சொல்லிட்டேன்.

அந்தப் பேரு சுவத்துல இல்லைன்னு ஒடெட்டம்மாவுக்குத் தெரியும். அந்தச் சுவரு மனப்பாடம் அவங்களுக்கு. இருந்தும் இல்லைன்னு சொல்லல. என்கிட்ட வந்து, குனிஞ்சு, இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கையால காட்டினாங்க. சொன்னேன். அவங்க சொல்லிப் பாத்தாங்க. வரல. எருலபான்னாங்க. நான் தலைய ஆட்டினேன். மறுபடி சொன்னாங்க. மூணாவது தடவை சரியா வந்துச்சு. இருளப்பன். சொல்லிட்டுச் சுவத்தைப் பாத்துத் தலை குனிஞ்சாங்க. எங்க வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கடைசியாக் கூப்பிட்டது மேஸ்திரி. அதுவும் திட்டுறதுக்கு. இந்த அம்மா மரியாதையாக் கூப்பிட்டாங்க.

அதோட விட்டிருக்கலாம். மருமக கேட்டுட்டா. "யாரும்மா அது, இருளப்பன்?"

மகன் என் பின்னாடி நிக்கிறான். திரும்பிப் பாக்கல நான்.

"எங்க எஸ்டேட்டுல மருந்து அடிச்சவரும்மா"ன்னேன்.

"உங்ககிட்ட வேலை பாத்தவரா? அவரை இத்தனை வருஷமா மறக்காம இருக்கீங்களே. எவ்வளவு நல்ல மனசும்மா உங்களுக்கு"ன்னு என் ரெண்டு கையவும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

இருங்க டீச்சர். தண்ணி குடிச்சுக்கறேன்.

அழல, அழல. மலைக்காத்து, கண்ணுல தண்ணி வரும்.

திரும்பி வர்ற வழியில பெட்ரோல் போட நிறுத்தினாங்க. மருமக கடைக்குள்ள போனா. மகன் வந்து பின்சீட்டுக் கதவத் தெறந்து என் பக்கத்துல உக்காந்தான். "தேங்க்ஸ்மா. நல்லாச் சமாளிச்ச"ன்னான். என் புள்ள எனக்கு அதுவரைக்கும் தேங்க்ஸ் சொன்னதில்ல. ஆஸ்டலுக்கு அரிசி முறுக்கு கொண்டு போய்க் குடுத்தப்ப சொன்னதில்ல, காலேஜ் சேத்தப்ப சொன்னதில்ல. பெத்தவளுக்கு எதுக்குச் சொல்லணும்? இதுக்குச் சொன்னான்.

நான் கேட்டேன், "அந்தப் பேரை நான் சொன்னப்ப உனக்கு ஒண்ணும் ஆகலையா தேவா?"

"அவருக்கு இனிமே என்னம்மா தெரியப் போகுது?"ன்னான். பெறகு, "நான் மட்டும் சந்தோஷமாவா இருக்கேன்?"னான். அதுல அவன் கொரலு ஒடைஞ்சு போச்சு. நான் அவன் முதுகைத் தடவிக் குடுத்தேன். மருமக மூணு காப்பியோட வந்தா. குடிச்சோம்.

அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. வேற ஒண்ணுமில்ல, அந்த ஊர் தண்ணி ஒத்துக்கல. பத்து நாள் பாத்தேன். "தேவா, என்னை ஊருக்கு அனுப்பி விட்டுரு"ன்னேன். ஏன்னு கேப்பான்னு பாத்தேன். என்ன பதில் சொல்றதுன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். அவன் ஏன்னு கேக்கல டீச்சர். எப்பன்னு கேட்டான்.

மருமகதான் ஏர்போர்ட்ல அழுதா. கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடல. அவன் பொட்டியத் தள்ளிக்கிட்டு முன்னாடி போயிட்டான். ஆம்பளப் புள்ள, அழுதா நல்லாவா இருக்கும், அதான் போயிட்டான்.

இப்ப டவுன்ல ஒரு ரூம்புல வாடகைக்கு இருக்கேன். ரிட்டயர் ஆனா லைன் வீட்டைக் காலி பண்ணிடணும்ல. மருமக ஞாயித்துக்கிழமை தவறாமப் பேசுவா. "மாமாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்கம்மா"ம்பா. அவளுக்கு இப்ப மூணு மாசம். பொறக்கப் போற புள்ளைக்குத் தாத்தா கதையெல்லாம் எழுதி வைக்கிறாளாம். நானும் சொல்றேன். எங்க எஸ்டேட்டுல மேனேஜரா இருந்த துரைங்க எத்தனை பேரு! ஒருத்தரு தொப்பி, ஒருத்தரு நாயி, ஒருத்தரு டென்னிசு. எல்லாத்தையும் சேத்து ஒரே ஆளாக்கிச் சொல்றேன்.

போன வாரம், மாமா போட்டோ ஒண்ணு வேணும், வீட்டு ஹால்ல மாட்டணும்னா. அவரு போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. மருந்து அடிக்கிறவங்களை வரிசையா நிக்க வச்சு யாரோ எடுத்தது. பதினோரு பேரு, எல்லார் முதுகுலயும் டிரம்மு. மகன்கிட்டக் கேட்டேன், என்னப்பா செய்யன்னு. பொள்ளாச்சியில ஒரு ஸ்டுடியோ பேரு சொன்னான். இன்னைக்கு அதுக்குத்தான் போயிட்டு வர்றேன்.

நல்லாத்தான் பண்ணியிருக்காங்க டீச்சர். அவரைத் தனியாப் பிரிச்சு எடுத்து, தோள்ல கெடந்த டிரம்மு வாரை அழிச்சு, ஊதாக் கோட்டு, டை, எல்லாம் போட்டுட்டாங்க. வாயில கட்டியிருந்த துண்டு கழுத்துக்கு எறங்கிக் கெடக்கும், அதையும் எடுத்துட்டாங்க. தலைய வழிச்சுச் சீவி, மூஞ்சியக் கொஞ்சம் வெளுப்பாக்கி, பின்னாடி புஸ்தக அலமாரி. பாக்குறீங்களா? இந்தாங்க. ஓரத்தைப் பிடிச்சுக்கங்க, விரல் பட்டுரும்.

என்ன ஒரு கூத்து தெரியுமா? நான் அங்க ஸ்டுடியோவுல சேர்ல உக்காந்திருந்தேன். அந்த ஆளு பிரிண்டை எடுத்துட்டு வந்து என் முன்னாடி பிடிச்சாரு, சரியா இருக்காம்மான்னு.

நான் எந்திரிச்சு நின்னுட்டேன் டீச்சர். துரை வந்தா நிக்கிற மாதிரி, முந்தானைய இழுத்துத் தோள மூடிக்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு. என் புருஷனுக்கு முன்னாடி.